ஜான் பிரவுன், ஹார்ப்பர்ஸ் ஃபெரி, ஆயுதமேந்திய அடிமை ஒழிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1859 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜான் பிரவுன் என்ற 59 வயதுக்காரர் ஆயுதம் தாங்கிய சிறு குழுவோடு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்குள் நுழைந்து, அமெரிக்க மத்திய அரசின் ஆயுதத் தொழிற்சாலையைக் கைப்பற்றினார். ஏறக்குறைய 36 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தச் சம்பவத்தைப் பேசுகிறவர்கள் அவரை மகானாக்குவார்கள், இல்லையேல் பைத்தியக்காரர் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அந்த முன்கதையையும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

அடிமை ஒழிப்பு இயக்கம் தொடக்கத்திலிருந்தே ஆயுதத்தை நம்பியதா?

இல்லை. 1831 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் தன் வார இதழைத் தொடங்கிய வில்லியம் லாயிட் காரிசன் வன்முறையை அடியோடு மறுத்தவர். அடிமை வைத்திருப்பவனின் மனச்சாட்சியை எழுப்பினால் போதும் என்று அவரும் அவருடன் நின்றவர்களும் நம்பினார்கள். துண்டறிக்கை அச்சிட்டார்கள், ஊர் ஊராகப் பேசினார்கள், நாடாளுமன்றத்துக்கு ஆயிரக்கணக்கில் மனு அனுப்பினார்கள். அந்த மனுக்களைப் படிக்காமலேயே கிடப்பில் போடும் விதியைப் பிரதிநிதிகள் சபை 1836-இல் கொண்டுவந்தது; 1844 வரை அது நீடித்தது. 1835 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு கும்பல், தபாலில் வந்த ஒழிப்புப் பிரசுரங்களை எடுத்துத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. மனுவுக்கும் வழியில்லை, தபாலுக்கும் வழியில்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது.

ஆயுதம் பற்றிய பேச்சு முதலில் கறுப்பினத்தவரிடமிருந்து வந்தது. பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் 1829-இல் வெளியிட்ட அறைகூவல், கொல்ல வருபவனை எதிர்ப்பது பாவமாகாது என்று வெளிப்படையாகச் சொன்னது. 1843-இல் பஃபலோ நகரில் கூடிய கறுப்பினத்தவர் மாநாட்டில் ஹென்றி ஹைலண்ட் கார்னெட், அடிமைகள் எதிர்த்து எழ வேண்டும் என்று உரையாற்றினார். அந்த உரையை மாநாட்டின் குரலாக ஏற்கும் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அதை எதிர்த்தவர்களில், அடிமைத்தளையிலிருந்து தப்பி ஒழிப்பு இயக்கப் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸும் ஒருவர். பின்னாளில் அவரே மனம் மாறினார்.

முதலில் கை ஓங்கியது யார்?

அடிமை முறையே அன்றாட வன்முறை. சாட்டையும் ஏலமும் இல்லாமல் அது ஒரு நாள்கூட நடந்திருக்காது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகளாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர். அதை ஒதுக்கிவிட்டு அரசியல் மோதலை மட்டும் பார்த்தாலும், வட மாநிலங்களில் முதலில் அடி வாங்கியவர்கள் ஒழிப்பாளர்களே. 1835-இல் காரிசனைக் கயிற்றால் கட்டி பாஸ்டன் தெருவில் இழுத்தார்கள். 1837 நவம்பர் 7 அன்று இல்லினாயின் ஆல்ட்டன் ஊரில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மூன்று அச்சு இயந்திரங்களை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். நான்காவதைக் காக்கப் போனபோதுதான் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஒழிப்பாளர்கள் கட்டிய பென்சில்வேனியா மண்டபம், திறந்த சில நாட்களிலேயே தீக்கிரையானது.

அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களான தென்னகத்தில் 1831 ஆகஸ்டில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் எழுந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட 55 முதல் 60 வெள்ளையர்களைக் கொன்றார்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பழிவாங்க, அந்தக் கிளர்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டார்கள்.

லவ்ஜாய் கொலைக்காக ஒஹாயோவின் ஹட்சன் ஊரில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்து, அடிமை முறையை அழிக்கவே இனி என் வாழ்க்கை என்று சபதம் செய்தவர் ஜான் பிரவுன்.

1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை எல்லோரும் திருப்புமுனை என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருந்தது?

தப்பியோடிய அடிமைகள் சட்டம் 1850 செப்டம்பர் 18 அன்று கையெழுத்தானது. அதன் உட்பிரிவுகளைப் படித்தால்தான் கோபத்தின் அளவு புரியும். ஒருவரை ‘இவர் என் அடிமை’ என்று ஒரு தென்னகத்தார் சொன்னால், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் ஓர் ஆணையர் முன்னிலைக்குப் போகும். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்பதுதான் அரசு சொன்ன காரணம். தப்பியவருக்குச் சோறு போட்டவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வழியில் நிற்கும் எவரையும் பிடிவேலைக்கு உதவச் சொல்லி அதிகாரி கட்டளையிடலாம்.

அதுவரை அடிமை முறை எங்கோ தெற்கில் நடப்பது என்று இருந்த வடக்கத்தியரின் வாசலுக்கு இந்தச் சட்டம் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதைவிடப் பெரிய விளைவு கறுப்பினக் குடியிருப்புகளில் ஏற்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுதந்திரமாக வாழ்ந்தவரும் எந்த நாள் வேண்டுமானாலும் பிடிபடலாம். பல ஊர்களில் விழிப்புக் குழுக்கள் துப்பாக்கி வாங்கத் தொடங்கின. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1851 ஜனவரியில் பிரவுன் உருவாக்கிய தற்காப்புக் குழுவில் 44 பேர் கையெழுத்திட்டார்கள்.

கிறிஸ்டியானாவில் நடந்தது என்ன?

ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, வெள்ளைத் தலைவர் எவரும் இல்லாமல் நடந்த ஆயுத எதிர்ப்பு இது. இதற்குக் கிடைத்திருக்கும் கவனம் மிகக் குறைவு என்பது எங்கள் கருத்து.

மேரிலாந்துப் பண்ணையார் எட்வர்ட் கோர்சச்சிடமிருந்து 1849-இல் நான்கு பேர் தப்பி, எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். 1851 செப்டம்பர் 11 விடியற்காலையில் கோர்சச் தன் மகன், உறவினர்கள், ஒரு மத்திய அரசு அதிகாரி ஆகியோருடன் கிறிஸ்டியானா ஊருக்கு அருகே ஒரு கல்வீட்டைச் சுற்றி வளைத்தார். அந்த வீட்டில் குடியிருந்தவர் வில்லியம் பார்க்கர். அவரும் மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பியவரே. அவர் மனைவி எலைசா மாடி ஜன்னலில் நின்று கொம்பு ஊதினார். அது முன்கூட்டியே பேசிவைத்த சைகை. சுற்றுவட்டாரக் கறுப்பினத்தவர் துப்பாக்கி, அரிவாள், சோளத்தட்டை வெட்டும் கத்தி என்று கைக்குக் கிடைத்ததோடு ஓடி வந்தார்கள். மோதலில் கோர்சச் இறந்தார், மகன் படுகாயமடைந்தார்.

அரசு 38 பேர் மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. முதலில் நிறுத்தப்பட்டவர், குதிரையில் வந்து வேடிக்கை பார்த்து, பிடிவேலைக்கு உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்கார மாவு மில்காரர். ஃபிலடெல்ஃபியாவின் விடுதலை மண்டபத்திலேயே விசாரணை நடந்தது. ஒரு சட்டத்தை எதிர்ப்பதும் நாட்டின் மீது போர் தொடுப்பதும் ஒன்றாகுமா என்பதே கேள்வி. ஜூரி 15 நிமிடத்தில் குற்றமற்றவர் என்றது. மற்றவர்கள் மீதான துரோக வழக்கும் அதோடு சரிந்தது. பார்க்கர் அதற்குள் ராச்செஸ்டரில் டக்ளஸ் வீட்டில் தங்கி, கப்பலேறிக் கனடா போய்ச் சேர்ந்திருந்தார். விடைபெறும்போது கோர்சச்சின் கைத்துப்பாக்கியை டக்ளஸிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கான்சஸ் ஏன் ரத்தக்களமானது?

1820-இல் போட்ட ஒப்பந்தம் அந்தப் பகுதியில் அடிமை முறையைத் தடுத்திருந்தது. 1854 மே 30-இல் வந்த சட்டம் அதை நீக்கி, அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. அப்படியானால் யார் முதலில் போய்க் குடியேறுவது என்பதே போட்டி. 1855 மார்ச் 30 தேர்தலில், வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர் என்று கணக்கெடுத்திருந்த இடத்தில் 6,000-க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு ஆற்றைக் கடந்து வந்தவர்கள் போட்ட வாக்குகளே அவற்றில் பெரும்பாலானவை. அந்தச் சட்டசபை அடிமை முறையைக் காக்கக் கடுமையான சட்டங்கள் இயற்றியது. எதிர்த்தரப்பார் தனி அரசு அமைத்தார்கள். நியூ இங்கிலாந்திலிருந்து ஷார்ப்ஸ் துப்பாக்கிகள் பெட்டி பெட்டியாக வந்தன.

1856 மே 21 அன்று அடிமை ஆதரவுக் கும்பல் லாரன்ஸ் நகருக்குள் புகுந்து இரண்டு பத்திரிகைகளின் அச்சு இயந்திரங்களை உடைத்தது, விடுதியைப் பீரங்கியால் தகர்க்கப் பார்த்துக் கடைசியில் தீ வைத்தது. மறுநாள் வாஷிங்டனில், செனட் சபைக்குள்ளேயே, மாசசூசெட்ஸ் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினாவின் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும்வரை அடித்தார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புரூக்ஸுக்கு விதித்த தண்டனை 300 டாலர் அபராதம். பதவி விலகியவரை அவர் தொகுதியே மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது. புதுக் கைத்தடிகளும் பரிசாக வந்து குவிந்தன.

பொட்டவாட்டமியில் பிரவுன் செய்தது கொலைதானே?

ஆம், கொலைதான். 1856 மே 24 இரவு பிரவுன் தன் நான்கு மகன்கள், மருமகன், இன்னும் இருவருடன் பொட்டவாட்டமி ஓடைக் கரையில் வீடு வீடாகப் போய் ஐந்து பேரை வெளியே இழுத்தார். ஜேம்ஸ் டாயல், அவருடைய மகன்கள் வில்லியம், ட்ரூரி, பிறகு ஆலன் வில்கின்சன், வில்லியம் ஷெர்மன். அகல வாள்களால் வெட்டிக் கொன்றார்கள். டாயலின் மனைவி மஹாலா கெஞ்சியதால் 16 வயது மகன் மட்டும் தப்பினான். கொல்லப்பட்டவர்கள் அடிமை ஆதரவுத் தரப்பினர். ஆனால் ஐவரில் எவரும் அடிமை வைத்திருந்தவர் அல்லர்.

லாரன்ஸ் எரிந்தது, மிரட்டல்கள் வந்தன, கான்சஸில் நீதிமன்றம் அடிமை ஆதரவாளர்கள் கையில் இருந்தது என்பதெல்லாம் உண்மை. அவை அந்த இரவை விளக்கும். உறங்கிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து ஆட்களை இழுத்து வெட்டியதைச் சரியாக்காது. பிரவுனை நேசித்து எழுதும் பலர் இந்த ஐந்து பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நேர்மையான எழுத்தல்ல. பிரவுனே தன் பங்கை வெளியில் ஒப்புக்கொள்ளாமல் மழுப்பினார். பாஸ்டனில் அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் பலர் இதை முழுமையாகத் தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று ஒசவாட்டமி ஊர் தாக்கப்பட்டபோது அவருடைய மகன் ஃபிரெடரிக் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அவர் அடிமைகளை விடுவித்ததே இல்லையா?

விடுவித்தார். 1858 டிசம்பரில் மிசூரிக்குள் புகுந்து 11 பேரை மீட்டார். அதில் ஓர் அடிமை உரிமையாளர் கொல்லப்பட்டார். கடுங்குளிரில் 1,700 கிலோமீட்டருக்கு மேல் வண்டியிலும் ரயிலிலும் பயணம் செய்து, 1859 மார்ச்சில் டெட்ராய்ட்டிலிருந்து படகேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். வழியில் ஒரு குழந்தை பிறந்ததால் போய்ச் சேர்ந்தவர்கள் 12 பேர். அவர் செய்தவற்றிலேயே சொன்னபடி நிறைவேறியது இது ஒன்றுதான்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அவர் திட்டம் சரியாக என்ன?

பல ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்தது அப்பலாச்சிய மலைத்தொடர். சிறு சிறு குழுக்கள் மலைக்குள் பதுங்கியிருந்து, இரவில் கீழே இறங்கிப் பண்ணைகளிலிருந்து ஆட்களை மீட்டு, வலிமையுள்ளவர்களைத் தங்களோடு வைத்துக்கொண்டு மற்றவர்களை வடக்கே அனுப்ப வேண்டும். ஆட்கள் போய்க்கொண்டே இருந்தால் அடிமை என்ற ‘சொத்து’க்கு எல்லைப் பகுதிகளில் மதிப்பே இருக்காது என்பது கணக்கு.

அந்த மலை வாழ்க்கைக்கு ஓர் ஆட்சிமுறை வேண்டும் என்று 1858 மே மாதம் கனடாவின் சாத்தம் ஊரில் ஒரு கூட்டம் நடத்தினார். வந்த 46 பேரில் 34 பேர் கறுப்பினத்தவர். 48 பிரிவுகள் கொண்ட தற்காலிக அரசியல் சட்டம் அங்கே ஏற்கப்பட்டது. இருக்கும் அரசைக் கவிழ்ப்பது நோக்கமல்ல, திருத்துவதே நோக்கம் என்று அதன் 46-ஆம் பிரிவு சொன்னது. அடிமைத்தளையிலிருந்து தப்பி, பின் பலரை மீட்டு வந்த ஹாரியட் டப்மனை அந்த ஆண்டுதான் கனடாவில் சந்தித்தார். அவரைத் தளபதி என்றே அழைத்தார். பயிற்சி கொடுக்க அமர்த்திய ஹ்யூ ஃபோர்ப்ஸ் என்பவர் சம்பளத் தகராறில் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டதால் தாக்குதல் ஓராண்டு தள்ளிப்போனது.

ஆயுதத் தொழிற்சாலையைப் பிடிப்பது என்ற பகுதியைத்தான் டக்ளஸ் எதிர்த்தார். 1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க் ஊரில் ஒரு பழைய கல்குவாரியில் இருவரும் சந்தித்தார்கள். அது இரும்புப் பொறி, உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று டக்ளஸ் சொல்லிவிட்டார். அவரோடு வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன் என்ற, அடிமையாக இருந்து தப்பிய இளைஞர் மட்டும் பெரியவரோடு போகிறேன் என்று கிளம்பினார். தூக்குமேடை வரை போனார்.

பணமும் ஆயுதமும் எங்கிருந்து வந்தன? எவ்வளவு?

ஆறு பேர் ரகசியமாகக் கொடுத்தார்கள்: கெரிட் ஸ்மித், தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன், தியோடர் பார்க்கர், சாமுவேல் கிரிட்லி ஹாவ், ஃபிராங்க்ளின் சான்பார்ன், ஜார்ஜ் ஸ்டியர்ன்ஸ். நிலச்சுவான்தார், மதபோதகர்கள், மருத்துவர், ஆசிரியர், வணிகர் என்று வசதியும் படிப்பும் உள்ளவர்கள்.

கையிலிருந்தவை 198 ஷார்ப்ஸ் துப்பாக்கிகள், சுமார் 200 கைத்துப்பாக்கிகள், 950 ஈட்டிகள். ஈட்டிகளைக் கனெக்டிகட்டின் காலின்ஸ்வில் ஊரில் ஒன்று ஒரு டாலர் என்று செய்து வாங்கினார். ஆறடிக் கம்பு, நுனியில் இருபுறமும் கூரான, சுமார் பத்து அங்குலக் கத்தி. கான்சஸில் எதிரியிடம் பிடித்த ஒரு கத்திதான் மாதிரி. துப்பாக்கி சுடத் தெரியாதவர்களுக்கு ஈட்டி என்று அவர் கணக்கிட்டார். இவ்வளவையும் எடுத்துக்கொள்ளப் போன ஆட்கள் பிரவுனையும் சேர்த்து 22 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் ஐவர். அன்றிரவு மொத்தக் குழுவில் மூவரைப் பண்ணைவீட்டுக் காவலுக்கு நிறுத்திவிட்டு, 18 பேருடன் ஊருக்குள் நுழைந்தார்.

மேரிலாந்துப் பக்கம், ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி, ஐசக் ஸ்மித் என்ற பொய்ப்பெயரில் ஒரு பண்ணைவீட்டை ஜூலையில் வாடகைக்கு எடுத்திருந்தார். பகலெல்லாம் ஆட்கள் மச்சில் அடைந்து கிடந்தார்கள். எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சமாளித்து, சமைத்துப் போட்டு, வாசலில் காவல் இருந்தவர்கள் பிரவுனின் மகள் ஆனியும் மகன் ஆலிவரின் மனைவி மார்த்தாவும். இருவருமே பதின்வயதினர்.

அந்த 36 மணி நேரத்தில் என்ன நடந்தது?

இரவு 8 மணியளவில் கிளம்பினார்கள். தந்திக் கம்பிகளை அறுத்து, பொட்டோமக் பாலத்தைப் பிடித்து, காவலாளியைச் சிறைவைத்து, தொழிற்சாலை, ஆயுதக் கிடங்கு, ஆற்றோரத் துப்பாக்கிப் பட்டறை மூன்றையும் எதிர்ப்பே இல்லாமல் கைப்பற்றினார்கள். ஒரு குழு கிராமத்துக்குப் போய், ஜார்ஜ் வாஷிங்டனின் உறவுவழி வந்த லூயிஸ் வாஷிங்டனைப் பிணையாகப் பிடித்து, அவர் பண்ணை அடிமைகளையும் அழைத்து வந்தது.

நள்ளிரவு 1 மணிக்குப் பிறகு பால்ட்டிமோர் செல்லும் ரயில் வந்தது. என்ன சத்தம் என்று பார்க்க வந்த ஹேவர்ட் ஷெப்பர்ட் சுடப்பட்டார். அவர் ரயில் நிலையத்தில் சுமை பார்க்கும், அடிமையல்லாத, கறுப்பினத் தொழிலாளி. விடுதலைக்காக வந்தவர்கள் கையால் முதலில் இறந்தவர் அவர்.

விடிந்ததும் ரயிலைப் போகவிட்டார் பிரவுன். காலை 7 மணியளவில் அது அடுத்த தந்தி நிலையத்தை அடைந்ததும் செய்தி பறந்தது. பயணிகளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்ற இரக்கமே அவரைச் சிக்கவைத்தது. நண்பகலுக்குள் உள்ளூர்ப் படையினர் இரு பாலங்களையும் மீட்டுத் தப்பும் வழியை அடைத்தார்கள். வெள்ளைக் கொடியோடு போன மகன் வாட்சன் சுடப்பட்டார். ஊர் மேயர் ஃபான்டெய்ன் பெக்கம் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆத்திரத்தில் சிறைப்பட்டிருந்த பிரவுனின் ஆள் வில்லியம் தாம்சனைப் பாலத்துக்கு இழுத்துப் போய்க் கொன்றார்கள். துப்பாக்கிப் பட்டறையிலிருந்த மூவர் ஆற்றில் இறங்கி ஓடப் பார்த்தார்கள். பிரவுனுக்கு அடுத்த நிலையில் இருந்த காகி இறந்தார், லீரி குண்டடிபட்டுப் பிறகு இறந்தார், கோப்லண்ட் பிடிபட்டார். எஞ்சியவர்கள் பிணையாளிகளோடு தீயணைப்பு வண்டி நிறுத்தும் செங்கல் கொட்டகைக்குள் அடைந்தார்கள். அன்றிரவே அங்கே மகன் ஆலிவர் இறந்தார்.

அன்றிரவு வாஷிங்டனிலிருந்து மரைன் வீரர்கள் சுமார் 90 பேர் வந்தார்கள். தலைமை, பின்னாளில் தென்னகத் தளபதியான, அப்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த ராபர்ட் இ. லீ. செவ்வாய்க் காலை லீயின் உதவியாளராக வந்த அதிகாரி ஜே.இ.பி. ஸ்டூவர்ட் சரணடையச் சொல்லிக் கடிதம் நீட்டினார், பிரவுன் மறுத்தார். சம்மட்டியால் கதவு உடையவில்லை. அங்கே கிடந்த கனமான ஏணியால் இடித்துத் திறந்தார்கள். மரைன் லெப்டினன்ட் இஸ்ரேல் கிரீன் குத்திய மெல்லிய அலங்கார வாள் வளைந்துபோனதால் பிரவுன் பிழைத்தார். உள்ளே நுழைந்த பிறகு எல்லாம் முடிய மூன்று நிமிடம். ஒரு மரைன் வீரர் இறந்தார்.

22 பேரில் 10 பேர் இறந்தார்கள், 7 பேர் பின்னர் தூக்கிலிடப்பட்டார்கள், 5 பேர் தப்பினார்கள்.

ஏன் தோற்றது?

இடமே முதல் தவறு. இரண்டு ஆறுகள் கூடும் முக்கில், மூன்று பக்கமும் செங்குத்து மேடுகள் சூழ்ந்த ஊர். பாலத்தை இழந்தால் வெளியே போக வழியில்லை. தலைநகரிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தான்.

இருந்த சில ஆட்களையும் மூன்று நான்கு இடங்களில் பிரித்து நிறுத்தினார். உணவு கொண்டுவரவில்லை, திங்கள் காலை பக்கத்து விடுதியிலிருந்து 45 பேருக்குச் சாப்பாடு வரவழைத்தார். இப்போதே கிளம்பினால் மலைக்குள் போய்விடலாம் என்று காகி திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பினார். பிரவுன் கிளம்பவில்லை. அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று கேட்டால், மக்கள் திரண்டு வருவார்கள் என்று காத்திருந்தார் என்பதே பொருந்தும் பதில்.

கடிதங்கள் நிறைந்த பெட்டியையும் பண்ணைவீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அது அரசின் கையில் சிக்கி, ரகசிய ஆறு பேரின் பெயர்களும் வெளியே வந்தன. மூவர் கனடாவுக்கு ஓடினார்கள், கெரிட் ஸ்மித் மனநோய் விடுதியில் சேர்ந்தார், தியோடர் பார்க்கர் அப்போது இத்தாலியில் நோயில் கிடந்தார். ஓடாமல் நின்றவர் ஹிக்கின்சன் மட்டும்.

அடிமைகள் ஏன் சேரவில்லை?

ஒருவரும் சேரவில்லை என்பது தென்னகம் பரப்பிய கதை. பண்ணைகளிலிருந்து வந்தவர்களில் சிலர் ஈட்டி ஏந்திக் காவல் நின்றார்கள், ஆயுதம் சுமந்தார்கள். தாக்குதல் குழுவிலிருந்து உயிர் தப்பிய ஆஸ்போர்ன் ஆண்டர்சன் இதைப் பின்னர் எழுதிவைத்தார். விசாரணை நடந்த வாரங்களில் அந்த மாவட்டத்தில் களஞ்சியங்களும் வைக்கோல் போர்களும் தொடர்ந்து எரிந்தன.

ஆனால் பெருந்திரள் எழவில்லை என்பது உண்மை. ரகசியம் கசிந்துவிடும் என்று அஞ்சி, முன்கூட்டியே ஊருக்குள் குடியேறியிருந்த ஜான் குக் அடிமைகளிடம் பேசவே பிரவுன் தடை போட்டிருந்தார். நள்ளிரவில் முகமறியாத வெள்ளைக்காரர் ஈட்டியை நீட்டினால், பிள்ளைகுட்டி உள்ளவர் எதை நம்பி அதை வாங்குவார்? தோற்றால் என்ன நடக்கும் என்பது நாட் டர்னர் காலத்திலிருந்தே அவர்களுக்குத் தெரியும். அது கோழைத்தனமே அல்ல. நிலைமையைப் பிரவுனைவிடச் சரியாகக் கணித்தவர்கள் அவர்கள்.

விசாரணை நியாயமாக நடந்ததா?

வேகமாக நடந்தது. பிரவுன் காயத்தோடு கட்டிலில் படுத்தபடியே விசாரிக்கப்பட்டார். வர்ஜீனியா மாநிலத்துக்கு எதிரான துரோகம், கொலை, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியது என மூன்று குற்றச்சாட்டுகள். ஜூரி 45 நிமிடத்தில் மூன்றிலும் குற்றவாளி என்றது. அவர் வர்ஜீனியாவின் குடிமகனே அல்லாதபோது அந்த மாநிலத்துக்கு எப்படித் துரோகம் செய்ய முடியும் என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் கறுப்பினத்தவரான ஷீல்ட்ஸ் கிரீன், கோப்லண்ட் வழக்கில் அதே குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. குடிமகனல்லாதவர் எப்படித் துரோகியாவார் என்று வழக்கறிஞர் கேட்டார். கொலைக்குற்றம் போதும் என்று டிசம்பர் 16 அன்று இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

பிரவுன் டிசம்பர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். இந்தக் குற்றமுள்ள நாட்டின் பாவங்கள் ரத்தத்தால் அன்றிக் கழுவப்படா என்று அன்று காலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காவலுக்கு நின்ற படையில் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகனும் இருந்தான். ஐந்தரை ஆண்டுகளில் லிங்கனைச் சுட்டவன் அவனே.

அவருக்குப் பைத்தியமா?

குடும்பத்தில் மனநோய் உண்டு என்று ஒஹாயோவிலிருந்து 19 பேர் சத்தியப் பத்திரம் அனுப்பினார்கள், உயிரைக் காக்க. பிரவுனே அந்த வாதத்தை மறுத்தார். அவரைச் சிறையில் நேரில் பார்த்த வர்ஜீனியா ஆளுநர் வைஸும் தெளிந்த மனிதர் என்றே சொன்னார். அடிமைகளுக்காக ஒரு வெள்ளையர் உயிரைக் கொடுத்தார் என்பதை ஏற்க முடியாதவர்களுக்குப் பைத்தியம் என்ற சொல் வசதியாக இருந்தது.

உள்நாட்டுப் போரை அவர்தான் தொடங்கினாரா?

தொடங்கவில்லை, அச்சத்தைப் பெருக்கினார். எட்மண்ட் ரஃபின் என்ற பிரிவினைவாதி, பிடிபட்ட ஈட்டிகளை வாங்கித் தென்னக ஆளுநர்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பினார். தென்னகமெங்கும் உள்ளூர்ப் படைகள் பெருகின. பிரவுன் எங்கள் கட்சிக்காரர் அல்லர் என்று லிங்கன் 1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் சொல்லியும் தெற்கு நம்பவில்லை. 1861-இல் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே போர் வந்தபின் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஹிக்கின்சன், அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களின் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். டப்மன் 1863 ஜூனில் கம்பாஹி ஆற்றுத் தாக்குதலில் வழிகாட்டி 700-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்.

போருக்குப் பின் அரசியல் வன்முறை நின்றதா?

நிற்கவில்லை. திசையும் மாறவில்லை. லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873 ஈஸ்டர் ஞாயிறன்று நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர் பலர், சரணடைந்த பிறகும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் வந்த சில தண்டனைகளையும் உச்ச நீதிமன்றம் 1876-இல் ரத்து செய்தது. 1898 நவம்பர் 10 அன்று வட கரோலினாவின் வில்மிங்டனில், தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியையே ஆயுதக் கும்பல் விரட்டிவிட்டுப் பதவியில் அமர்ந்தது. அமெரிக்க வரலாற்றில் வெற்றி பெற்ற ஆயுதக் கிளர்ச்சியைத் தேடுபவர்கள் ஹார்ப்பர்ஸ் ஃபெரியை விட்டுவிட்டு இந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

தமிழில் எழுதும்போது அடிக்கடி நேரும் பிழைகள்?

ஹார்ப்பர்ஸ் ஃபெரி 1859-இல் வர்ஜீனியாவில் இருந்தது. மேற்கு வர்ஜீனியா என்ற மாநிலம் 1863-இல்தான் பிறந்தது. லீ அன்று தென்னகத் தளபதி அல்லர். ‘அடிமைகள் அதிகமுள்ள பருத்திப் பகுதி’ என்று எழுதுகிறார்கள். அங்கே பருத்தியும் இல்லை, பெரும் பண்ணைகளும் குறைவு. கான்சஸில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததாகவும் எழுதுகிறார்கள். அரசியல் காரணத்தால் கொல்லப்பட்டவர்கள் 56 பேர் அளவில் என்பதே கவனமாக எடுத்த கணக்கு.

பிரவுனோடு போனவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் யார்?

டேஞ்சர்ஃபீல்ட் நியூபி. அடிமையாகப் பிறந்து, ஒஹாயோவுக்கு வந்து விடுதலை பெற்றவர், நாற்பதைத் தாண்டியவர். மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவின் பிரென்ட்வில் ஊரில் இன்னும் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை விலைகொடுத்து மீட்கப் பணம் சேர்த்தும் முடியவில்லை. சீக்கிரம் என்னை வாங்கிவிடு, நீ வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று 1859 கோடையில் ஹாரியட் எழுதினார். இலையுதிர் காலத்துக்குள் வந்துவிடு, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா என்று அதற்கு முன்பே ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்.

தாக்குதல்காரர்களில் முதலில் இறந்தவர் நியூபி. குண்டு கிடைக்காத ஒருவர் நீண்ட ஆணியைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டது தொண்டையில் பாய்ந்தது. கூட்டம் அவர் காதுகளை அறுத்தது. உடலைப் பன்றிகளுக்கு விட்டது. கடிதங்கள் அவருடைய உடைமைகளோடு கிடைத்து, அரசின் ஆவணங்களில் சேர்ந்தன. ஹாரியட் பிள்ளைகளோடு லூசியானாவுக்கு விற்கப்பட்டார்.

ஷெனண்டோவா ஆற்றங்கரையில் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்த எலும்புகளை 1899-இல் தோண்டியெடுத்து, நியூயார்க் மாநிலத்தின் நார்த் எல்பாவில் பிரவுனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே நியூபியின் பெயரும் இருக்கிறது.